அப்பாவின் இருபத்தெட்டு, ஆபீசின் பதினேழரை

கம்பம் பள்ளத்தாக்குக்குள் ரயில் கிடையாது. மதுரையில் கிளம்புகிற தண்டவாளம் தேனி வழியாகப் போடிநாயக்கனூர் போய் அங்கேயே நின்றுவிடும். அதுவும் 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்திய பிறகு தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 ஆயிற்று, போடிக்கு வர 2023 ஆயிற்று. திண்டுக்கல் - லோயர் கேம்ப் பாதை கேட்டுக் கோஷம் போட்டவர்களுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டது, பாதை வரவில்லை.

ஆனாலும் சுருளிப்பட்டியில் எங்கள் தெருவில் ரயில்வே பென்சன் வருகிற வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. வெளியூர்த் தோழர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பூமி. நெல், வாழை, தென்னை, திராட்சை எல்லாம் விளைகிறது. நிலம்தான் எங்களுடையதாக இல்லை. நிலம் இல்லாதவன், எங்கே தண்டவாளம் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனான்.

போன மாதம் இரண்டு கல்லூரித் தம்பிகள் வந்தார்கள். தாத்தா கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து எட்டு மாதமாகிறது, பாட்டிக்கு இன்னும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை, என்ன செய்வது என்றார்கள். அவர்களிடம் சொன்னதை மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதையில் வருவது எந்தக் கோட்டம், எந்த ஆபீஸ், எந்தப் பேங்க் என்று எழுதப்போவதில்லை. ஒரு ஆபீசைத் திட்டித் தீர்க்கிற கதை இல்லை இது.

அப்பா 1975இல் போனார். திருநெல்வேலி - நாகர்கோவில் புதுப் பாதை வேலை நடந்துகொண்டிருந்த நேரம். வள்ளியூர், ஆரல்வாய்மொழிப் பக்கம் மண் சுமந்தார், ஜல்லி கொட்டினார், கட்டை தூக்கினார். ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றிச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். சோற்றுத் தட்டில் மண் விழாமல் சாப்பிட்டதே இல்லை என்பார். வேலையின் பெயர் கேசுவல் லேபர். தினக்கூலி. கையில் ஒரு கார்டு. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை, யாரிடம் வேலை என்று எழுதி ஒரு கையெழுத்து இருக்கும். அப்பாவின் பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை.

அந்தக் காலத்துக் கேசுவல் ஆட்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஓடுகிற பாதையின் பராமரிப்பு வேலையில் 120 நாள் தொடர்ந்து இருந்தால் தற்காலிக அந்தஸ்து கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் லீவு, பாஸ், வாரியச் சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ஆகவே நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு என்று நாள் போகும்போதே, "நாளையிலிருந்து வேண்டாம், பத்து நாள் கழிச்சு வா" என்று சொல்லிவிடுவார்களாம். புதுப் பாதைத் திட்டங்களில் இந்த 120 நாள் விதிகூடக் கிடையாது. பாதை முடிந்தால் ஆளும் முடிந்தான். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் கேசுவல் தொழிலாளர்களை நிரந்தரமாக்கு என்பது முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, கோரிக்கை அப்படியே கிடந்தது. அடுத்த வருடம் அப்பா கேசுவலாகப் போய்ச் சேர்ந்தார்.

சட்டக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் ஒரு வழக்கைத் தேடிப் படியுங்கள்: இந்திரபால் யாதவ், 1985. திட்டங்களில் வருடக்கணக்காக வேலை வாங்கிவிட்டு விரட்டியடிக்கப்பட்ட கேசுவல் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 360 நாள் வேலை பார்த்தவர்களுக்குத் தற்காலிக அந்தஸ்து தருகிறோம் என்று ரயில்வே ஒரு திட்டத்தை வைத்தது. அது செல்லுபடியாகும் தேதியை 1984இலிருந்து 1981க்கு முன்னால் இழுத்துக் கொடுத்தது நீதிமன்றம். மூன்று வருடம்தானே என்று தோன்றும். அந்த மூன்று வருடத்துக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் கார்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்து, 1982 தொடக்கத்திலிருந்து அவருக்குத் தற்காலிக அந்தஸ்து கொடுத்தார்கள். 1989 தொடக்கத்தில் கேங்மேனாக நிரந்தரம். 2002 டிசம்பர் 31 அன்று ஓய்வு.

இப்போது எண்ணிக்கொள்ளுங்கள். கேசுவலாக 7 வருடம். தற்காலிக அந்தஸ்தில் 7 வருடம். நிரந்தரமாக 14 வருடம். மொத்தம் 28.

ஆபீசில் எண்ணியது வேறு. ரயில்வே ஓய்வூதிய விதிகள், 1993 என்று ஒரு புத்தகம் இருக்கிறது. அதன் 31ஆம் விதியை வைத்து, தற்காலிக அந்தஸ்து காலத்தில் பாதியைத்தான் சேர்ப்பார்கள். ஏழுக்கு மூன்றரை. அதற்கு முந்தைய கேசுவல் காலத்துக்குப் பூச்சியம். நிரந்தரம் 14. ஆக பதினேழரை. முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் அன்றைக்கு 33 வருடம் வேண்டும். அரையாண்டு அரையாண்டாகக் கணக்கிடுவார்கள்: 33 வருடம் என்றால் 66, அப்பாவுக்கு 35. கடைசிச் சம்பளச் சராசரியில் பாதி, அந்தப் பாதியில் 66இல் 35 பங்கு. அவருடைய அடிப்படைச் சம்பளம் மூவாயிரத்துச் சொச்சம். வகுத்துப் பார்த்தால் வந்த தொகை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அன்றைய குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,275 ரூபாய். அதைக் கொடுத்தார்கள். அதிலும் 40 சதவீதத்தை முன்பணமாக வாங்கியதால் மாதாமாதம் பிடித்தம். பதினைந்து வருடம் கழித்துத்தான் அது திரும்பச் சேரும். அப்பா அதுவரை இருக்கவில்லை.

பணிக்கொடையில்தான் அடி பலம். ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம் என்பது விதி. 35 அரையாண்டுக்கு எட்டே முக்கால் மாதச் சம்பளம். இருபத்தெட்டு வருடத்தையும் எண்ணியிருந்தால் 56 அரையாண்டு, பதினான்கு மாதச் சம்பளம். ஐந்தேகால் மாதச் சம்பளம் ஒரு விதியின் வாய்க்குள் போய்விட்டது. ஓய்வு பெறுகிற நாளில் கணக்கை விளக்கிய பணியாளர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"பாதிங்கிறீங்களே சார், அந்த ஏழு வருசமும் வெயிலு பாதியாவா அடிச்சுச்சு?"

அவர் சிரித்துவிட்டு, "விதி அப்படிப்பா" என்றாராம்.

2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ராகேஷ் குமார் என்பவரின் வழக்கில் இதைத் தொட்டது. தற்காலிக அந்தஸ்து காலத்தில் பாதி மட்டுமல்ல, அதற்கு முந்தைய கேசுவல் காலத்திலும் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்க்க வேண்டும் என்றது. பூச்சியம் பாதியாயிற்று. பாதி முழுசாகவில்லை. அப்பாவின் கணக்குக்கு இதைப் போட்டுப் பார்த்தேன்: இருபத்தொன்று, பணிக்கொடை பத்தரை மாதம். தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து மூன்று வருடம்.

ஒருவருக்கு மாதம் நூறு, இருநூறு ரூபாய்தான் வித்தியாசம் என்பதால் யாரும் தனியாக வழக்குப் போடுவதில்லை. வக்கீல் பீஸ் அதைவிட அதிகம். இப்படிச் சின்னச் சின்னதாக எடுத்தால் எடுப்பது யாருக்கும் தெரியாது. கேங்மேன் வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருக்களிலிருந்து போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விதியில் சாதி எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இதை முதலில் பேசியவர் பாபாசாகேப். 1938 பிப்ரவரியில் மன்மாடில், ஜி.ஐ.பி. ரயில்வேயில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று தொழிலாளருக்கு இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அங்கேதான். அந்தப் பகுதியை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதே பேச்சில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ரயில்வேயில் தீண்டப்படாதவர் ஏன் கேங்மேனாகவே இருந்து கேங்மேனாகவே சாகிறார் என்று விளக்குகிறார். ஸ்டேஷன் போர்ட்டராகக்கூட அவரைப் போடமாட்டார்கள். ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள் தீண்டப்படாதவர் நுழைய முடியாது. ஆக அந்த வேலையும் கிடையாது. இவ்வளவு துல்லியமாக ஒரு துறையின் உள்ளே போய்ப் பார்த்தவர் அவர். நம்மில் சிலர் அவரைச் சிலையாக மட்டும் பார்க்கிறோம்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா 2014இல் இறந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்கு வருடக் கணக்கு தடையில்லை. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அது குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் குறைந்தபட்சம். கணவரின் ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது பி.பி.ஓ.வில், மனைவி பெயர் இருந்தால் வேலை சுலபம். இறப்புச் சான்று, பி.பி.ஓ. நகல், ஒரு விண்ணப்பம் கொண்டுபோய்ப் பேங்கில் கொடுத்தால் போதும். வாரிசுச் சான்று கேட்டு அலைய வேண்டியதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டு போனாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அம்மாவின் பெயரும் பி.பி.ஓ.வில் இருந்தது. ஆனால் அது அம்மாவின் பெயர் இல்லை. குலசாமி பெயரை முழுசாக வைத்தார் தாத்தா. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார், "இந்தத் தெருவுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்டு வாலை நறுக்கிவிட்டார். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் நறுக்கிய பெயர் நிற்கவில்லை, ரேஷன் கார்டுக்குப் போயிற்று. 1989இல் அப்பாவின் சர்வீஸ் புக்கில் எழுதிய எழுத்தர், தெருவில் கூப்பிடுகிற பெயரைக் காதில் வாங்கி அதை ஆங்கிலத்தில் எழுதினார். ஆதார் எடுக்க வந்த பையன் அதற்கு இன்னொரு எழுத்துக்கூட்டல் கொடுத்தான். ஒரே பெண்பிள்ளைக்கு மூன்று பெயர். மூன்றில் ஒன்றைக்கூட அம்மா தன் கையால் எழுதவில்லை.

பேங்கில் ரயில்வே ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். ரயில்வே ஆபீசில் தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கப் போனால், எந்த ஆதாரத்தை வைத்துத் தருவது என்று கேட்டார்கள். ஒரு மேஜையில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டாமலே, "சுருளிப்பட்டியில எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா தெருப் பெயரைச் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் விண்ணப்பம் அந்த மேஜையின் அடிப்பக்கம் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், எங்கள் சாதிக்காரர் இல்லை, அப்பாவுக்கு மேட்டாக இருந்தவர், ஒரு வழி சொன்னார். "பி.பி.ஓ. ரெண்டு பாதிப்பா. ஒண்ணு நம்ம கையில, இன்னொண்ணு பேங்குல. பேங்கு பாதியில ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோ ஒட்டியிருக்கும். அதத் தெறக்கச் சொல்லு." அப்போதுதான் 2002இல் கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் அப்பாவும் அம்மாவும் விறைப்பாக உட்கார்ந்து படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. எழுதிக் கொடுத்தோம். பேங்கில் அந்தப் பாதியைத் தேடி எடுத்தார்கள். படம் இருந்தது. அம்மா எதிரே நின்றாள். நாலு மாதமாகப் பெயரையே உற்றுப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கத்தின் நகலை வைத்து விண்ணப்பித்த பிறகுதான் பெயர்த் திருத்தம் வந்தது, அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் வந்தது. 2016 முதல் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாயும் அதன் மேல் அகவிலை நிவாரணமும். இன்றைக்கு எங்கள் வீட்டில் நிரந்தரமாக வருகிற ஒரே வருமானம் அது. திராட்சைத் தோட்டக் கூலி வரும், வராமலும் போகும்.

வந்துவிட்டதே என்று விட்டுவிடவும் முடியாது. வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். டிஜிட்டல் சான்று 2014 முதல் இருக்கிறது. ஆனால் நாற்பது வருடம் களை பிடுங்கி, கொடி கட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் அம்மாவை ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்போது செல்போனில் முகத்தை வைத்தே சான்று எடுக்கிற வசதி 2021இலிருந்து இருக்கிறது. படித்த பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் இதைக் கற்றுக்கொண்டு நவம்பர் முதல் வாரம் வீடு வீடாகப் போனால் போதும், வயதானவர்கள் பேங்க் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம். போராட்டம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. 80 வயது முடிந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதில் இரட்டிப்பு. அம்மாவுக்கு அது மாதம் 1,800 ரூபாய், நிவாரணம் தனி. ஆனால் பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி பதிவாகியிருந்தால்தான் அது தானாக வரும். நம் வீட்டுப் பெண்களின் பிறந்த தேதியை 2002இல் யார் கேட்டார்கள்? அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. ஆதாரில் அம்மாவின் பிறந்தநாள் 1948 ஜனவரி 1. வருடம் மட்டும் தெரிந்த எல்லோருக்கும் அதே ஜனவரி 1தான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பிறந்தநாள், கேக்தான் வெட்டுவதில்லை. அந்தத் தேதியைச் சேர்க்கச் சொல்லி ஆதாரும் வாக்காளர் அட்டையும் வைத்து இப்போதே விண்ணப்பித்திருக்கிறேன். 2028 ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது.

தம்பிகள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஆஸ்பத்திரி இரண்டரை கிலோமீட்டருக்குள் இல்லாத ஊரில் இருப்பவர்கள் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப் படி கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் தண்டவாளமே இல்லை, ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? கேட்காமல் விட்ட வீடுகள் இருக்கின்றன. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கணவனை இழந்து, அவர்களை அண்டியிருக்கிற மகளுக்கு, தாய்க்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்க உரிமை உண்டு. வருமான வரம்பு மட்டும் உண்டு. "கட்டிக்குடுத்த பிள்ளைக்கு என்ன பென்சன்" என்று நம் ஆட்களே சொல்லி விண்ணப்பிக்காமல் தடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் நின்றுபோனால் ரயில்வே கோட்டங்கள் டிசம்பரில் நடத்துகிற பென்சன் அதாலத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன்கூட்டியே மனு வாங்குவார்கள், தேதியைக் கவனியுங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் சொன்னதாகாது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தயவு செய்கிற மாதிரிப் பேசினால் நகாரா வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1982 டிசம்பர் 17. ஓய்வூதியம் என்பது எசமான் மனமிரங்கிப் போடுகிற பிச்சை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று அரசியல் சாசன அமர்வு சொன்ன நாள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். இந்திரபால் யாதவ் வழக்கிலும் அவர்தான். ஓய்வூதியர்கள் டிசம்பர் 17ஐ வருடா வருடம் கொண்டாடுகிறார்கள். நம் தெருக்களில் அதைக் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் பழைய ஆட்களின் கதை என்று நினைக்காதீர்கள். 2004 ஜனவரிக்குப் பிறகு ரயில்வேயில் சேர்ந்தவர்களுக்கு அப்பாவுக்குக் கிடைத்த ஓய்வூதியம் கிடையாது, சந்தையில் போட்டு வளர்க்கிற புதிய திட்டம்தான். 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. 25 வருடத்துக்குப் பாதிச் சம்பளம், பத்து வருடத்துக்குக் குறைந்தது 10,000. அதன் நல்லது கெட்டதைச் சங்கங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இன்றைக்கு ரயில் பெட்டியையும் பிளாட்பாரத்தையும் கழுவுகிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரயில்வே ஊழியர்களே இல்லை. கான்ட்ராக்ட். அவர்களுக்கு இருப்பது பி.எஃப். ஓய்வூதியத் திட்டம், அதன் குறைந்தபட்சம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய், அதற்கும் பத்து வருடச் சேவை காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய பி.எஃப். எண்ணைப் புதியவர் தொடர்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்பாவை நூற்றுப் பதினெட்டாம் நாள் நிறுத்தியவர்களுக்கு நேரில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அதை ஒரு டெண்டர் செய்துவிடுகிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் அவருடைய யு.ஏ.என். எண்ணை இன்றைக்கே கேட்டு, எத்தனை மாதம் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் கான்ட்ராக்டரும் இருக்க மாட்டார், காகிதமும் இருக்காது.

அப்பாவின் கேசுவல் கார்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஓரங்கள் செல்லரித்திருக்கின்றன, ரேகை மட்டும் நீலமாகத் தெரிகிறது. எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அப்படிக் கார்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் தகரப் பெட்டியில், ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால். மூன்றாவது வீட்டுப் பாட்டிக்கு எங்கே வைத்தாள் என்று நினைவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்கும் போகிறோம். ராகேஷ் குமார் தீர்ப்பைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு தம்பிகளும் வருகிறார்கள், கார்டுகளைப் படம் எடுக்க. பாட்டியின் வீட்டில் தேட ஆள் வேண்டும், வர முடிந்தவர்கள் காலை எட்டு மணிக்குச் சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள்.